குற்றம், நெறிபிறழ்வு: எந்தச் சமூகவியல் கருத்துகளை முதலில் பிடித்துக்கொள்வது?

வெளிவாரிப் பட்டப்படிப்புக்குக் குற்றமும் நெறிபிறழ்வும் படிக்கிறேன், கோட்பாடுகள் குவிந்து கிடக்கின்றன, எவை முக்கியம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பேராதனையில் சமூகவியல் படித்தவள். பிறந்து வளர்ந்தது அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில். அதனால் உதாரணங்களையும் அங்கிருந்தே எடுக்கிறேன்.

"ஏன் செய்தான்?" என்ற கேள்வியோடு மட்டும் இந்தப் பாடத்துக்குள் போகாதீர்கள். "இதைக் குற்றம் என்று முடிவு செய்தது யார்?" என்பதையும் கூடவே கேளுங்கள். மலையகத்து ஆட்களுக்கு இது புதிய கேள்வி இல்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின் கீழ், முன்னறிவித்தல் இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப முடிந்தது. கடன் கணக்கை எழுதித் துரை கொடுக்கும் 'துண்டு' கையில் இல்லாவிட்டால் வேறு தோட்டத்தில் வேலையும் கிடையாது. துண்டு முறை ஒழிந்தது 1921இல்தான். வேலை பிடிக்காமல் ஓடிப் போனவரை லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) ஜனங்கள் யாரும் குற்றவாளி என்று நினைத்திருக்க மாட்டார்கள். சட்டம் அப்படி நினைத்தது. இன்னொரு பக்கம், சாதி மாறிக் கலியாணம் செய்வது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் வீட்டு விசேஷத்துக்குச் சொந்தமே வராது. முதலாவது குற்றம், இரண்டாவது நெறிபிறழ்வு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழலாம், விழாமலும் இருக்கலாம்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் டேர்க்கைம் சொன்னதை இங்கே சேர்த்துப் படியுங்கள். குற்றமே இல்லாத சமூகம் கிடையாது என்பது அவர் வாதம். புனிதர்கள் மட்டுமே வாழும் மடத்தில் கூட, வெளியே யாரும் கண்டுகொள்ளாத சின்னத் தவறு பெரிய குற்றமாகிவிடும் என்றார். தண்டனை தவறு செய்தவரைத் திருத்துவதற்காக மட்டுமில்லை, மற்றவர்களை ஒன்றாகக் கட்டிவைப்பதற்கும்தான் என்கிறார்.

அடுத்து அமெரிக்கச் சமூகவியலாளர் மேர்ட்டன், 1938. எல்லோருக்கும் ஒரே இலக்கைக் காட்டிவிட்டு, அதை அடையும் வழியைச் சிலருக்கு மட்டும் திறந்துவைத்தால் அழுத்தம் உண்டாகும் என்றார். அமெரிக்காவைப் பார்த்து எழுதியது, ஆனால் இங்கேயும் பொருந்துகிறது. நல்ல ஃபோன், மோட்டார் சைக்கிள், கட்டிய வீடு எல்லாம் லயத்துப் பையனுக்கும் வேண்டும். நாட்சம்பளத்தில் அது எட்டாது. சாராயக் கடைகள் பூட்டும் போயா (பௌர்ணமி) நாளில் கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம், விற்றால் கையில் காசு வரும். இலக்கை விடாமல் வழியை மட்டும் மாற்றுவதை அவர் 'புத்தாக்கம்' என்றார். சரி, அப்படியானால் அதே லயத்தில் அதே வறுமையில் இருக்கும் மற்றப் பையன்கள் ஏன் விற்கவில்லை? அங்கேதான் சமூகக் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டைச் சொன்ன ஹேர்ஷி வேண்டும். குடும்பம், படிப்பு, கோயில் திருவிழா வேலை போன்ற பிணைப்புகள் இழுத்துப் பிடிக்கின்றன என்பது அவருடைய பதில். அமெரிக்கக் குற்றவியலாளர் சதர்லாண்டின் பதில் வேறு. குற்றமும் பழகித்தான் வருகிறது, நெருக்கமானவர்களிடமிருந்து, செய்முறையோடும் நியாயங்களோடும் சேர்த்து.

எனக்கு ஆகப் பெரிதாகப் படுவது முத்திரை குத்தல். அமெரிக்கச் சமூகவியலாளர்கள் லெமேர்ட் 1951இலும் பெக்கர் 1963இலும் எழுதினார்கள். செயலில் மட்டும் பிறழ்வு இல்லை, அதற்கு மற்றவர்கள் கொடுக்கும் பெயரிலும் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் ஒரு பையன் மரம் வெட்டி விறகாக்கியதற்குப் பொலிஸ் வரை போனான். அதற்குப் பிறகு யார் வீட்டுக் கோழி காணாமல் போனாலும் முதலில் தட்டுவது அவன் கதவைத்தான். டவுன் கடைகளிலும் வேலை கொடுக்கவில்லை. கடைசியில் அவனைச் சேர்த்துக்கொண்டது கசிப்புக் கூட்டம் மட்டும்தான். விறகு வெட்டியது முதல்நிலைப் பிறழ்வு. முத்திரை விழுந்த பிறகு அந்தப் பெயருக்குள்ளேயே வாழத் தொடங்கியது இரண்டாம்நிலைப் பிறழ்வு. இதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. தனி ஆளுக்கு மட்டுமா இது நடக்கிறது? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் பல இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. கொழுந்து பறித்து நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்த அதே ஜனங்களைத்தான் 'கள்ளத்தோணி', அதாவது திருட்டுத்தனமாகப் படகில் வந்தவர்கள், என்று கூப்பிட்டார்கள்.

வெள்ளைக் கொலர் குற்றத்தை, அதாவது மதிப்பும் பதவியும் உள்ளவர்கள் தங்கள் தொழில் வழியாகச் செய்யும் குற்றத்தை, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 1939இல் சதர்லாண்ட் இதைப் பேசினார். 1949இல் 70 பெரிய அமெரிக்கக் கம்பெனிகளை ஆராய்ந்து நூலாக்கினார், ஆனால் கம்பெனிப் பெயர்களை நீக்கித்தான் வெளியிட முடிந்தது. பெயர்களோடு முழுமையாக வந்தது 1983இல், அவர் இறந்து பல வருஷங்களுக்குப் பிறகு. இங்கே என்ன நடக்கிறது? கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு என்று ஒரு கழிவு, தண்ணிக்கு என்று ஒரு கழிவு. மழை பெய்யாத நாளிலும் தண்ணிக் கழிவு போட்டதை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கிலோ குறைந்தால் அம்மாவுக்கு அரைப் பேர்தான் (அரை நாள் சம்பளம்தான்) விழும். ஊழியர் சேமலாப நிதியில் தொழிலாளியின் 8 வீதத்தைப் பிடித்துக்கொண்டு, தன் பங்கு 12 வீதத்தோடு சேர்த்துக் கட்டாமல் விடும் முதலாளியும் சட்டப்படி குற்றம்தான் செய்கிறார். அவரைத் திருடன் என்று யாரும் சொல்வதில்லை.

பொலிஸ் புள்ளிவிபரத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். அதில் இருப்பது நடந்த குற்றமெல்லாம் இல்லை, முறைப்பாடாகிப் பதிவானவை மட்டும். கசிப்புப் பானை அகப்படும், தராசுக் கழிவு அகப்படாது.

படிக்கும் வரிசை என்று கேட்டால், பெக்கர், மேர்ட்டன், சதர்லாண்ட், அப்புறம் டேர்க்கைம், ஹேர்ஷி. ஒப்படை எழுதும்போது உங்கள் ஊரில் நடந்த ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து, இரண்டு கோட்பாடுகளால் விளக்கிப் பாருங்கள். எது எங்கே உதவாமல் போகிறது என்பதையும் எழுதுங்கள்.