பி.டி. பீரியடை வாசிப்புக்குக் கொடுத்துவிட்டார்கள், என்ன செய்யலாம்?

தக்கலை பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

"மகள் மூன்றாம் வகுப்பு, உதவிபெறும் தொடக்கப் பள்ளி. வாரத்துக்கு ஒரே ஒரு பி.டி. பீரியட், வெள்ளிக்கிழமை கடைசியில். மழை பெய்தால் அதுவும் கிடையாது. போன வாரம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், அரையாண்டுத் தேர்வு முடியும் வரை அந்தப் பீரியடில் வாசிப்புப் பயிற்சி என்று போட்டார்கள். நாலு மணிக்கு பள்ளி விட்டதும் டியூஷன், வீட்டுக்கு வர ஆறரை. வீட்டுக்கு ஏறி வரும் மேட்டிலேயே அவளுக்கு மூச்சு வாங்குகிறது. அவள் அப்பா கல்ஃபில் இருக்கிறார். பொம்பளப் பிள்ளைக்கு ஓட்டமும் சாட்டமும் (குதிப்பும்) எதுக்கு என்கிறார் மாமியார். பள்ளியில் போய்க் கேட்டால் டீச்சர்கள் தப்பாக எடுப்பார்களா? விளையாட்டுக்கு நேரம் கொடுத்தால் படிப்பு குறையாதா?"

இருபது வருடத்துக்கு மேல் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன், இதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் எத்தனையோ அம்மாக்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் அந்த மூச்சு விஷயம். எட்டு வயதுப் பிள்ளைக்குச் சாதாரணமாக நடந்து ஏறும்போதே மூச்சு வாங்கினால், பழக்கம் இல்லாததுதான் காரணம் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. ரத்தச்சோகை இருக்கலாம், வீசிங் இருக்கலாம். தக்கலை அரசு மருத்துவமனையிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒருமுறை காட்டி, ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி இருமல், மூச்சில் விசில் சத்தம், ஓடும்போது நெஞ்சு வலி, தலைசுற்றி விழுவது, இதில் ஏதாவது இருந்தால் தள்ளிப் போடவே கூடாது. வீசிங் இருக்கிறது என்று டாக்டர் சொன்னாலும் விளையாட்டை நிறுத்த வேண்டியதில்லை. எப்போது இன்ஹேலர் எடுப்பது, ஓடுவதற்கு முன் எவ்வளவு நேரம் மெதுவாக உடம்பைச் சூடாக்குவது என்று அவரிடமே கேட்டு, ஒரு தாளில் எழுதி வகுப்பு டீச்சர் கையில் கொடுத்துவிடுங்கள்.

படிப்பு குறையுமா என்றால், குறையாது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 7 முதல் 9 வயதுள்ள 221 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஒன்பது மாதம் பள்ளி முடிந்ததும் ஓடியாடும் விளையாட்டு கொடுத்தார்கள். விளையாடிய பிள்ளைகளுக்கு, இடையில் வரும் தொந்தரவைத் தள்ளிவிட்டுச் செய்கிற வேலையில் கவனத்தை நிறுத்தவும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மனதைத் திருப்பவும் கூடுதலாக முடிந்தது. பாருங்கள், வாசிக்கும்போது வரி தவறாமல் போவதற்கும் கணக்கில் கூட்டலா கழித்தலா என்று பார்த்துச் செய்வதற்கும் இதே திறமைதான் வேண்டும். உங்கள் பள்ளியில் வாசிப்புக்காகப் பி.டி.யை எடுத்திருக்கிறார்கள் என்றால், வாசிப்புக்கு உதவுகிற ஒன்றைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

கண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீனாவின் குவாங்சோ நகரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் 40 நிமிடம் வெளியில் இருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்தது, கூட்டாத பள்ளிகளில் 39.5 சதவீதம். வெளியில் பகல் வெளிச்சத்தில் இருப்பதற்கே அந்தப் பலன். உங்கள் மகள் காலையில் வகுப்பறைக்குள் போனால் ஆறரைக்குத்தான் வெளியே வருகிறாள், அப்போது பொழுது இறங்கியிருக்கும்.

உங்கள் மாமியாரிடம் எலும்பைப் பற்றிப் பேசிப் பாருங்கள். எலும்பில் பலம் சேர்வது பெரும்பாலும் இருபது வயதுக்குள் நடந்து முடிந்துவிடும், அதற்கு மேல் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வேலை. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேயும். அவர் வயதில் எத்தனை பேர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கிறார்கள் என்று அவருக்கே தெரியும். எலும்பு உறுதியாவதற்குக் காலில் எடை விழும்படியான ஓட்டமும் சாட்டமும்தான் வேண்டும். பாண்டி ஆடுவதும் கயிறு சாடுவதும் அவர் சின்ன வயதில் ஆடியதுதானே? அவரையே திண்ணையில் உட்கார்ந்து எண்ணச் சொல்லுங்கள்.

சரி, பள்ளிக்கு வருவோம். போவதற்கு முன்னால் ஒரு விஷயம் புரிந்துகொள்ள வேண்டும், உங்கள் டீச்சர்கள் மேல் குற்றமில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது, ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுப் பொருள்கள் வேண்டும் என்கிறது. ஆனால் உடற்கல்விக்குத் தனிப் பயிற்றுநர் என்று அது பேசுவது 6 முதல் 8 வரை உள்ள வகுப்புகளுக்கு, அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், அதுவும் பகுதிநேரம். 1 முதல் 5 வரைக்கு அப்படி எதுவும் இல்லை. 60 பிள்ளைகள் வரை இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள், அவர்கள்தான் எல்லாப் பாடமும், எல்லாப் பதிவேடும், விளையாட்டும். அப்படி இருக்கும்போது "ஏன் பி.டி. இல்லை?" என்று சண்டைக்குப் போனால் அவர்கள் முகம் சுருங்கத்தான் செய்யும்.

வாட்ஸ்அப் குழுவில் இதை எழுதவே எழுதாதீர்கள். அங்கே ஒருவர் ஆமாம் போடுவார், இன்னொருவர் எதிர்ப்பார், ராத்திரி பத்து மணிக்குத் தலைமை ஆசிரியருக்குப் போன் போகும், மறுநாள் விஷயமே வேறாகிவிடும். நேரில் போங்கள், இன்னும் இரண்டு மூன்று அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு. போய், வாரத்தில் ஒரு 40 நிமிடத்துக்குப் பதிலாகத் தினமும் 15 நிமிடம் தர முடியுமா என்று கேளுங்கள். ஐந்து நாளைக்கு 75 நிமிடம் வருகிறது, ஒரு நாள் மழை கொண்டுபோனாலும் நான்கு நாள் மிச்சம், எந்தப் பாடத்திலிருந்தும் முழுப் பீரியட் போகாது. நேரத்தையும் நீங்களே சொல்லுங்கள், மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய 15 நிமிடம். சாப்பிட்ட உடனே ஓடினால் வயிறு பிடிக்கும், கடைசிப் பீரியட் என்றால் அது எப்போதும் வேறு எதற்காவது போய்விடும். இன்னொன்று, மைதானத்தில் நிற்க ஆள் வேண்டுமென்றால் வாரத்துக்கு ஒரு நாள் ஒரு அம்மா என்று நீங்களே முறை போட்டுக் கொடுங்கள். இதைச் சொன்னால் பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

பள்ளி மேலாண்மைக் குழுவிலும் சொல்லலாம். உறுப்பினர்களில் முக்கால்வாசி பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் உங்களுடையது உதவிபெறும் பள்ளி, அங்கே 2012 திருத்தத்துக்குப் பிறகு குழுவுக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டும்தான், முடிவு நிர்வாகத்தின் கையில். நம் மாவட்டத்தில் கிறிஸ்தவ சபை நடத்தும் பள்ளிகள் நிறைய, ஆகவே தாளாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதை வாசித்தால், பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு வருடத்துக்கு 5,000 ரூபாய் வரை விளையாட்டுப் பொருள்களுக்கு வரையறை உண்டு, என்ன வாங்கினார்கள், பொருள்கள் எங்கே இருக்கின்றன என்று குழுவில் கேளுங்கள். பல பள்ளிகளில் பந்து பீரோவுக்குள் புதிதாகவே இருக்கும்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். பி.டி. பீரியட் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது, அதற்குள் உங்கள் மகள் எத்தனை நிமிடம் அசைகிறாள் என்று பார்க்க வேண்டும். முப்பது பிள்ளைகள், ஒரு பந்து, வரிசையாக வந்து ஒவ்வொருவராக எறிவது என்றால் 40 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், மீதி நேரமெல்லாம் வெயிலில் நிற்பது. அவுட் ஆனவர் உட்கார வேண்டும் என்கிற விளையாட்டு இன்னும் மோசம். ஓடத் தெரியாத பிள்ளைதான் முதலில் அவுட் ஆகும், யாருக்கு ஓட்டம் தேவையோ அந்தப் பிள்ளைதான் ஓரமாக உட்காரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரண்டு கேப்டன்களை நிறுத்தி ஆள் எடுக்கச் சொல்வேன். ஒவ்வொரு வாரமும் கடைசியாக மிஞ்சுவது ஒரே சிறுமி. ஒரு நாள் அவள் வயிற்றுவலி என்று வரவில்லை, அடுத்த வாரமும் வயிற்றுவலி. எனக்குப் புரியவே இரண்டு மாதம் ஆனது. அப்புறம் நான் யாரையும் ஆள் எடுக்கச் சொன்னதில்லை, நம்பர் சொல்லி நானே பிரித்துவிடுவேன். வீட்டுப்பாடம் எழுதாதவனைப் பி.டி.க்கு விடாமல் வகுப்பில் நிறுத்துவதும், தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓட விடுவதும் கூட நிற்க வேண்டும். ஓட்டத்தைத் தண்டனையாகப் பார்த்த பிள்ளை பெரியவனானதும் ஓடுமா?

எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடுகிற விளையாட்டுகள் நம்மிடம் எத்தனையோ உண்டு. கிளித்தட்டு, கல்லா மண்ணா, ஓடிப் பிடித்தல். தொட்டால் அவுட் என்பதற்குப் பதில் தொடப்பட்டவரும் சேர்ந்து கைகோர்த்துத் துரத்த வேண்டும் என்று மாற்றினால் யாரும் உட்கார மாட்டார்கள். பந்துக்குக் காசு இல்லையென்றால் தென்னை ஓலையில் பந்து பின்னலாம், முகத்தில் பட்டாலும் வலிக்காது, எட்டு வயதுப் பிள்ளைக்குப் பிடிக்கப் பழக அதைவிட நல்ல பந்து கிடையாது. எல்லைக்குத் தேங்காய்ச் சிரட்டை கவிழ்த்து வைத்தால் போதும். தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் மூன்றாம் வகுப்புப் பாடமும் செயல்பாட்டு வழியில்தான் போகிறது, ஆகவே பாண்டிக் கட்டத்தில் மூன்றாம் வாய்ப்பாட்டை எழுதி 3, 6, 9 என்று சாடச் சொல்ல டீச்சருக்குத் தயக்கம் இருக்காது.

மழைதான் நம் ஊரின் பெரிய சாக்கு. ஜூனில் தொடங்கும் ஒரு மழை, அக்டோபரில் இன்னொன்று, இரண்டையும் விட்டால் பள்ளி ஆண்டில் மிச்சம் என்ன? மழை நாளில் வராந்தாவில் நின்ற இடத்தில் ஓட்டம், ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடுவது, தவளைச் சாட்டம், நண்டு நடை, பெஞ்சில் கை ஊன்றித் தள்ளுவது எல்லாம் முடியும், பத்து நிமிடத்தில் வியர்த்துவிடும். ஆனால் பாசி பிடித்த சிமென்ட் தரையில் விடாதீர்கள், நான் பார்த்த கை முறிவுகளில் அதிகம் அங்கே நடந்தவைதான். வெள்ளம் கட்டிக் கிடக்கும் மைதானத்தில் வெறுங்காலோடு இறக்கினால் எலிக்காய்ச்சல் பயம் உண்டு, காலில் சின்னப் புண் இருந்தால் கூடவே கூடாது. இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள். வெயில் நாளில் நிழல் என்று தென்னைக்குக் கீழே நிறுத்துகிறார்கள், தேங்காயும் மட்டையும் விழும், மாமரமோ புளியமரமோ பாருங்கள்.

வீட்டில் என்ன செய்வது? உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்கு, 5 முதல் 17 வயது வரை சராசரியாகத் தினம் 60 நிமிடம், அதில் வாரத்துக்கு மூன்று நாளாவது நன்றாக மூச்சு வாங்கும்படியான ஓட்டமும் எலும்புக்கும் தசைக்கும் பலம் தருகிற வேலையும். ஒரேயடியாக 60 நிமிடம் வேண்டியதில்லை. பள்ளியில் 15 வந்துவிட்டால், நடந்து போய் வருவதில் கொஞ்சம் வரும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் சரியான வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டியூஷனை நிறுத்தச் சொல்ல மாட்டேன், படிப்பறிவில் தமிழ்நாட்டிலேயே முதலில் நிற்கிற மாவட்டம், 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம், நம் ஊர் அம்மாக்களிடம் டியூஷனை விடு என்றால் யார் கேட்பார்கள்? ஆனால் மூன்றாம் வகுப்புக்கு இரண்டு மணி நேரம் அதிகம். நாலரைக்குப் பதில் ஐந்தேகாலுக்கு அனுப்பினால் போதுமா என்று டியூஷன் டீச்சரிடம் கேளுங்கள். அந்த முக்கால் மணி நேரம் முற்றத்தில் அவளுக்கு.

உங்களுக்கு இன்னொரு எண்ணமும் வரலாம், இதில் என்ன எதிர்காலம் என்று. தூத்தூர் பக்கம் இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டி வரை போய் ஆடினார். கடற்கரை ஊர்களில் மணலில் உதைத்துப் பழகிய பிள்ளைகள் அப்படிப் போகிறார்கள், நல்லது. ஆனால் எட்டு வயதில் அந்தக் கனவோடு தொடங்க வேண்டாம், நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் இப்போதே சேர்க்க வேண்டுமா என்றும் யோசிக்க வேண்டாம். பத்து பதினோரு வயது வரை ஒரே விளையாட்டில் கட்டிப்போடாமல் ஓடவும் சாடவும் எறியவும் பிடிக்கவும் நீந்தவும் பழகட்டும், பிறகு அவளே சொல்வாள்.

திங்கட்கிழமை முதல் மேட்டில் ஏறும்போது பையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், பாதி வழியில் ஒரு நிமிடம் நின்று ஏறட்டும். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் சாயங்காலம் கயிறு சாட விடுங்கள். முதல் வாரம் இருபது சாட்டம், ஓய்வு, மறுபடி இருபது. நாலாவது வாரம் எத்தனை நிமிடத்தில் மேடு ஏறுகிறாள் என்று போனில் நேரம் பார்த்து எனக்கு எழுதுங்கள்.