ஃபிலிம் கேமராவில் எனக்கென்று ஒரு பாணி எப்படி வரும்?

கேள்வி: பத்து ரோல் முடித்துவிட்டேன், ஐந்து வகை ஃபிலிம் மாற்றிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு ரோலும் வேறு யாரோ எடுத்தது போல இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பத்து ரோலுக்கு ஐந்து ஃபிலிம் என்கிறீர்களே, கோளாறு அங்கேதான் இருக்கிறது. கழுவுவதற்கும் ஸ்கேனுக்கும் லேபில் கொடுக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். லேப் ஸ்கேனர் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகத் திருத்தும். நீங்கள் வேண்டுமென்றே இருட்டாக விட்ட பவானித் தறிக்குழியும் உச்சிவெயில் நெற்களமும் ஒரே சாம்பலாகத் திரும்பி வரும். உங்கள் கை அதில் எப்படித் தெரியும்?

அடுத்த பத்து ரோலுக்கு ஒரே கேமரா, ஒரே 50 மிமீ லென்ஸ், ஒரே கறுப்பு வெள்ளை ஃபிலிம், அதைக் கழுவ ஒரே டெவலப்பர் மருந்து. இல்ஃபோர்டின் எச்பி5 பிளஸ் ஃபிலிமும் ஐடி-11 டெவலப்பரும் என் தேர்வு. தவறை நிறையவே பொறுத்துக்கொள்ளும் ஜோடி. வேறு ஜோடி பிடித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், எதுவானாலும் மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம்.

எச்பி5 400 ஐஎஸ்ஓ ஃபிலிம், வெளிச்சத்தை வேகமாகப் பிடிக்கும்; அதில் ஒரு சங்கடம் உண்டு. நல்ல வெயிலில் எஃப்/16, 1/500 நொடி. பென்டாக்ஸ் கே1000 போன்ற கேமராவில் 1/1000க்கு மேல் ஷட்டர் வேகம் கிடையாது. பின்னணியை மங்கலாக்க லென்ஸின் துளையை அகலத் திறக்க வேண்டும், நடுப்பகலில் அது முடியாது, காலை ஏழரைக்குள் வேலையை முடிக்க வேண்டும். அந்தச் சாய்ந்த வெளிச்சத்திலேயே தொடர்ந்து எடுப்பதும் பாணியில் பாதி.

கழுவும்போது நம் பக்கத்துத் தொல்லை வெக்கை. சித்திரையில் மேல்தொட்டித் தண்ணீர் 30 டிகிரியில் வரும். அந்தச் சூட்டில் தண்ணீர் கலக்காத ஐடி-11 ஊற்றினால் நான்கு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஊற்றி வடிக்கும் நேரமே அதில் கணிசமான பங்கு ஆகிவிடுவதால் படத்தில் திட்டுத்திட்டாக ஏற்ற இறக்கம் விழும். 150 மில்லி டெவலப்பருக்கு 150 மில்லி தண்ணீர் கலந்து, 24 டிகிரியில் சுமார் 9 நிமிடம் வையுங்கள். பாட்டிலை ஐஸ் போட்ட வாளியில் நிறுத்திக் குளிர வைக்கலாம், ஐஸை மருந்துக்குள் போடக்கூடாது. ஒவ்வொரு நிமிடத்தின் முதல் 10 நொடியில் நான்கு முறை, ஃபிலிம் கழுவும் டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். ஒரு ரோலுக்கு மெதுவாக, அடுத்ததற்குக் குலுக்கி என்றால் கான்ட்ராஸ்ட் மாறிவிடும். மார்கழியிலும் அதே 24தான். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் கடைசி அலசலுக்குப் பயமில்லை. போர் தண்ணீர் என்றால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி நிற்கும், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி முடியுங்கள்.

வெளிச்சம் அளக்கும் மீட்டரை அப்படியே நம்பாதீர்கள். காங்கேயம் காளையில் சாம்பலான மயிலை நிறத்துக்கு மீட்டர் சொல்வது ஏறக்குறைய சரி. கறுப்பான காரிக்கு அதே மீட்டர் அதிக வெளிச்சம் கேட்கும், கேட்டபடி கொடுத்தால் கருமை போய்ச் சாம்பலாகிவிடும். ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் பாதி, குறையுங்கள். திருப்பூரில் வெளுத்துக் காயப்போட்ட துணிக்கு ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள்.

லென்ஸ் முன் மாட்டும் நிற ஃபில்டரில் மஞ்சள் ஒன்றே போதும். ஒரு ஸ்டாப் கேட்கும், வானத்தை லேசாக அடக்கும். சிவப்பு ஃபில்டரைப் போட்டு ஒரு அம்மாவை எடுத்துப் பாருங்கள்: நெற்றிக் குங்குமம் தோலோடு கரைந்து காணாமல் போய்விடும், உதடு வெளிறிவிடும். பச்சை ஃபில்டரில் அதே குங்குமம் கருத்து நிற்கும். இரண்டில் எது உங்களுக்கு வேண்டும் என்பது நீங்கள் எடுக்கும் முடிவு. ஆனால் ஆளுக்கு ஆள் மாற்றாதீர்கள்.

பிறகு கான்டாக்ட் ஷீட், அதாவது நெகட்டிவ் துண்டுகளை ஃபோட்டோ தாளின் மேலேயே வைத்து எடுக்கும் பிரிண்ட். ஆறு ஃபிரேம் கொண்ட ஆறு துண்டு 8×10 தாளில் அடங்கும். படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் வேண்டாம், சிவப்பு விளக்கும் ஒரு பல்பும் கண்ணாடித் தகடும் போதும். ஃபிலிமின் வெற்று ஓரம் முழுக் கறுப்பாகும் குறைந்தபட்ச நேரத்தைக் கண்டுபிடித்து, எல்லா ஷீட்டுக்கும் அதையே கொடுங்கள். எங்கே குறைவாக எடுத்தீர்கள், எங்கே அதிகம் என்று தாளே காட்டிவிடும். ஸ்கேன்தான் வழி என்றாலும், லைட் பேனல் மேல் டிஜிட்டல் கேமராவை மேனுவலில் வைத்து, வெற்று ஓரத்துக்கு ஒருமுறை அளந்து, ரோல் முழுவதையும் அதே அளவில் எடுங்கள்.

பத்து ஷீட்டையும் தரையில் பரப்பினால் 360 படம். நல்ல படத்தைத் தேடாமல், திரும்பத் திரும்ப வருவதைத் தேடுங்கள். எத்தனை அடி தள்ளி நிற்கிறீர்கள், கேமரா கண் உயரத்திலா இடுப்பிலா, ஆள் நடுவிலா ஓரத்திலா? அறுபது எழுபது முறை வந்த ஒன்றை, பதினோராவது ரோலில் தெரிந்தே செய்யுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில், ஒரு பெரியவரைச் சுற்றி இருபது கேமரா நிற்கிறது. "தலையைத் தூக்குங்க, இப்படிப் பாருங்க" என்று அவரை வெயிலில் நிறுத்துகிறார்கள், ஊர் பேர்கூடக் கேட்காமல் கலைந்து போகிறார்கள். அது எனக்கு ஆகவே ஆகாது. இருபது பேரிடமும் ஒரே படம்தான் இருக்கும். நீங்கள் அவரோடு உட்கார்ந்து, காளைக்கு எத்தனை பல் என்று கேளுங்கள். 5×7 அளவில் ஒரு பிரிண்ட் போட்டு, அடுத்த ஆடிக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.