எயார் ரைபிளை ரியூன் பண்ணும்போது றெகுலேற்றர் போடத்தான் வேண்டுமா?

குழலை மடித்து ஏற்றும் ஸ்பிறிங் துவக்கு என்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அதில் காற்றுத் தாங்கி கிடையாது. தாங்கியில் காற்றை முன்கூட்டியே 200, 250 பார் அமுக்கத்துக்கு நிரப்பிவைத்துச் சுடும் பிசிபி வகைக்குத்தான் இந்தப் பதில். றெகுலேற்றர் என்பது தாங்கிக்கும் வால்வுக்கும் இடையில் இருந்து, வால்வுக்குப் போகும் அமுக்கத்தை ஒரே அளவில் வைக்கும் பாகம். அனுமதிப்பத்திரம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

றெகுலேற்றர் இல்லாத துவக்கில் தாங்கி நிறைந்திருக்கும்போது உள்ளமுக்கம் வால்வை இறுக்கிப் பிடிக்கும். வால்வைத் தட்டித் திறக்கும் ஹமர் அடித்தாலும் அது கொஞ்சம்தான் திறக்கும், வேகம் குறைவாக வரும். அமுக்கம் இறங்க இறங்க வேகம் ஏறி, உச்சம் தொட்டு, பிறகு விழும். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்து ஒவ்வொரு வெடிக்கும் அமுக்கத்தையும் வேகத்தையும் எழுதினால் அந்த உச்சம் எங்கே என்று தெரியும். 0.22 அங்குலக் குழல் துவக்கு ஒன்றில் அது 180 முதல் 130 பார் வரை என்று வந்தால், 180க்கு மேல் நிரப்பாமல் விட்டாலே போதும். 25 மீற்றரில் கடதாசி இலக்குக்குச் சுடுபவருக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பதே என் கருத்து.

50 மீற்றர் தாண்டினால் கதை வேறு, அங்கே றெகுலேற்றர் உதவும். வன்னி வெயிலும் ஒரு காரணம்: 27 பாகையில் 250 பாருக்கு நிரப்பிய தாங்கி வெயிலில் கிடந்து 60 பாகைக்கு ஏறினால் உள்ளே ஏறத்தாழ 278 பார். றெகுலேற்றர் 120 பாருக்குச் செற் பண்ணியிருந்தால் வால்வுக்கு வருவது அதே 120தான். (அதற்காகத் தாங்கியை வெயிலில் போடலாம் என்று அர்த்தமில்லை.)

றெகுலேற்றர் போட்டபின் பலரும் விடும் பிழை, பழைய ஹமர் ஸ்பிறிங்கை அப்படியே விடுவது. வால்வு தேவைக்கு அதிகநேரம் திறந்திருக்கும். காற்றும் போகும், சத்தமும் கூடும். ஸ்பிறிங்கை இறுக்க இறுக்க வேகம் ஏறி ஓரிடத்தில் நின்றுவிடும். அங்கிருந்து வேகம் 3 வீதம் குறையும்வரை தளர்த்துங்கள். றெகுலேற்றருக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள அறையையும் பாருங்கள். 0.22க்கு 1 அடி-இறாத்தல் சக்திக்கு 1 சிசி என்பது நடைமுறைக் கணக்கு. 25 அடி-இறாத்தல் எதிர்பார்க்கும் துவக்கில் 10 சிசி அறைதான் என்றால் அமுக்கத்தைக் கூட்டிக் கூட்டித்தான் வேகம் எடுக்க வேண்டிவரும். வால்வு மறுபடி இறுகும்.

பழுது பெரும்பாலும் தூசியால்தான். கச்சான் காற்றுக் காலத்தில் திறந்த இடத்தில் கழற்றவே வேண்டாம். றெகுலேற்றருக்குள் பிஸ்டன் முனை அமர்ந்து காற்றை அடைக்கும் இருக்கையில் ஒரு மணல் துகள் கீறினால் வால்வுப் பக்கத்து அமுக்கம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். கேஜ் தாங்கிப் பக்கத்தை மட்டும் காட்டினால் இது கண்ணுக்குத் தெரியாது. ஐந்து வெடி சுட்டு, பத்து நிமிடம் விட்டு ஆறாவதைச் சுடுங்கள். அதன் வேகம் மட்டும் விலகினால் இருக்கைதான் காரணம். கைப்பம்பு என்றால் ஈரமும் சேரும், மாரியில் சிலிக்கா ஜெல் வடிகட்டி கட்டாயம்.

கழற்றுமுன் காற்றை முழுதாக வெளியேற்றுங்கள். றெகுலேற்றருக்குள் ஸ்பிறிங்காக வேலைசெய்யும் கிண்ண வாசர்கள் இருந்த முகத்தையும் ஒழுங்கையும் படமெடுத்து வையுங்கள், ஒன்று திரும்பினாலும் செற் அமுக்கம் மாறும். ஓ-ரிங்குக்குச் சிலிக்கோன் கிறீஸ் மட்டும். பெற்றோலியக் கிறீஸ் உயர் அமுக்கக் காற்றில் தீப்பற்றலாம். ஒட்சிசன் சிலிண்டரால் ஒருபோதும் நிரப்பக்கூடாது. துவக்கின் உடலில் றெகுலேற்றருக்கென விட்டிருக்கும் சிறு துவாரத்தால் காற்று கசிந்தால் பசை வைத்து அடைக்காதீர்கள், உள்ளே ஓ-ரிங் போய்விட்டது என்று அர்த்தம்.