வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்காதீர்கள்

பையனை பைலட் ஆக்கியே தீர வேண்டும் என்று சித்தப்பா ஒற்றைக் காலில் நிற்கிறார், வீட்டை வைத்துக் கடன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது அம்மா. ஆனாலும் நேராகவே சொல்கிறேன், வேண்டாம். 200 மணி நேரம் பறந்து உரிமம் வாங்கவே அரைக் கோடி ரூபாயைத் தாண்டிவிடும். அப்புறம் குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டத் தனிப் பயிற்சி, அதற்கும் லட்சங்கள். வேலை கிடைக்கும்வரை வட்டி யார் கட்டுவது? பையனோ மிக்ஸியையும் இன்வெர்ட்டரையும் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறான். விமானம் ஓட்டும் ஆசை அவனுக்கு இருப்பதாக நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

'இனி பறக்கும் டாக்ஸி காலம்' என்று சித்தப்பா சொல்வதில் பாதி நிஜம். சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் இஷ்டம்போல் பயன்படுத்த முடியாது. சேலத்திலிருந்து வரும் சின்ன ஏடிஆர் விமானமும் பெரிய ஜெட்டைப் போலவே இறங்க ஓடுபாதையில் தனக்கென்று ஒரு நேரம் கேட்கும். குறுந்தூரப் பயணிகளில் ஒரு பகுதியையாவது பறக்கும் டாக்ஸிக்கு, அதாவது செங்குத்தாக எழும்பும் மின்விமானத்துக்கு மாற்றினால் ஓடுபாதையில் அந்த அளவுக்கு மூச்சு விடலாம். ஐஐடி மெட்ராஸில் முளைத்த இ-பிளேன் நிறுவனம் அப்படி ஒன்றை உருவாக்கி வருகிறது. மறுபாதி இது: ஜெர்மனியில் இதே கனவோடு கிளம்பிய லிலியம், வோலோகாப்டர் இரண்டும் 2024-லேயே திவால் மனு போட்டன. ஆகவே 'ஏர் டாக்ஸி டிப்ளமோ' என்று யாராவது விற்றால் தள்ளி நில்லுங்கள்.

உங்கள் பையனுக்கு நான் சொல்வது விமானப் பராமரிப்பு பொறியாளர் உரிமம், அதிலும் பி2 பிரிவு. ஏவியானிக்ஸ், அதாவது விமானத்தின் மின்சாரம், மின்னணு, வழிகாட்டும் கருவிகள். ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருந்தால் சேரலாம். அங்கே வயரை முறுக்கி டேப் சுற்றும் கதையே கிடையாது. ஓர் இழைகூட அறுபடாமல் உறையை உரித்து, உரிய கிரிம்பிங் கருவியால் முனையை அழுத்தி, இழுத்துப் பார்த்து, மல்டிமீட்டர் வைத்துச் சரிபார்த்து, கையேட்டில் உள்ளபடி கட்டுக்கட்டாகக் கட்ட வேண்டும். பழுது பார்த்த பிறகு, உரிமம் உள்ளவர் கையெழுத்துப் போடாமல் விமானம் கிளம்பாது. இன்றைக்கு ஏடிஆர், ஹெலிகாப்டர், ஏர்பஸ் எல்லாவற்றுக்கும் இந்த ஆள் வேண்டும். நாளை பேட்டரியும் மோட்டாருமாக ஒரு விமானம் வந்தால் அதற்கும் மின்சாரம் தெரிந்தவனைத்தான் தேடுவார்கள்.

செலவு சில லட்சங்களில் முடியும். ஆனால் நோகாமல் கிடைக்காது. விமானப் போக்குவரத்தை மேற்பார்க்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ நடத்தும் தேர்வுகளைத் தாள் தாளாகத் தேற வேண்டும், விமானத்தை நிறுத்திப் பழுது பார்க்கும் கொட்டகையான ஹேங்கரில் அனுபவம் சேர்க்க வேண்டும், ஆரம்பச் சம்பளம் சுமார்தான், இரவுப் பணியும் உண்டு. நிறப் பார்வையை இப்போதே ஒரு கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கல்லூரிக்கு டிஜிசிஏ அங்கீகாரம் இருக்கிறதா, அதுவும் பி2-வுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கட்டடத்தைப் பார்த்து மயங்காமல், சென்ற ஆண்டு மாணவர்களில் எத்தனை பேர் எல்லாத் தாளும் தேறினார்கள், செய்முறைப் பயிற்சிக்கு எந்த ஹேங்கருக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் தரத் தயங்கினால் முன்பணம் கட்டாமல் திரும்பி வாருங்கள். போகும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேள்விகளை அவனே கேட்கட்டும்.