முதுகுத்தண்டு வளைவு கூடுமா என்று ரத்தத்தில் உள்ள புரதங்களை வைத்துச் சொல்ல முடியுமா?

கேள்வி கேட்ட அம்மா சொல்லியிருக்கும் விவரம் இது: மகளுக்கு 12 வயது, இன்னும் வயதுக்கு வரவில்லை. எக்ஸ்-ரேயில் முதுகு வளைவு (முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸ்) 22 டிகிரி. "நாலு மாசம் கழிச்சு வாங்க, திரும்ப ஒரு எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்போம்" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அதுவரை சும்மா இருக்க மனம் கேட்கவில்லை. ரத்தத்தில் சில புரதங்களை அளந்தால் வளைவு கூடுமா, அப்படியே நிற்குமா என்று முன்கூட்டியே தெரியும் என எங்கேயோ படித்திருக்கிறார். போதாததற்கு, வெளியே லேபில் எடுத்த ரிப்போர்ட்டில் ஆல்கலைன் பாஸ்படேஸ் 340 என்று வந்து, பக்கத்தில் 'அதிகம்' என்று குறி வேறு.

இன்றைய தேதியில் வளைவு கூடுமா என்று நம்பிச் சொல்லக்கூடிய ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நான் டாக்டர் இல்லை. ஒரு மருத்துவமனையின் உயிர்வேதியியல் லேபில் வேலை பார்க்கிறேன். என் அக்கா மகளுக்கும் இதே வளைவு இருப்பதால் இந்த ஆய்வுகளை விடாமல் படித்து வருகிறேன்.

முதலில் அந்த 340. பயப்படவே வேண்டாம். எலும்பைக் கட்டும் செல்கள் மும்முரமாக வேலை செய்யும்போது இந்த நொதி ரத்தத்தில் ஏறும். லேப் தாளில் அச்சாகியிருக்கும் வரம்பு பெரும்பாலும் பெரியவர்களுக்கானது, ஏறக்குறைய 130 வரை. உயரமாக வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு 300, 400 என்று வருவது சாதாரணம். இதே நொதி கல்லீரலிலிருந்தும் வரும், அதனால் மற்ற கல்லீரல் எண்களும் சரியாக இருந்தால், உங்கள் மகள் வளர்கிறாள் என்பதைத் தவிர அந்த எண்ணில் வேறு சேதி இல்லை. வயது பார்த்து வரம்பு போடாத லேப் ரிப்போர்ட்டால் பெற்றோர் தூக்கம் கெடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

சரி, எதற்காக ரத்தத்தில் தேடுகிறார்கள்? ஒரு முக்கியக் காரணம் எக்ஸ்-ரே. 2000-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. 1912 முதல் 1965 வரையிலான காலத்தில் முதுகு வளைவுக்காகப் பார்க்கப்பட்ட 5,573 பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் சராசரியாக 25 எக்ஸ்-ரே. மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட சுமார் 70 சதவீதம் அதிகம். இன்றைய கருவிகளில் கதிர்வீச்சு அப்போதையதைவிட வெகு குறைவு, அதனால் இதைப் படித்துவிட்டு எக்ஸ்-ரேயைத் தள்ளிப்போடாதீர்கள். முதுகுப் பக்கத்திலிருந்து கதிர் போகும்படி எடுத்தால் மார்புக்குப் போய்ச் சேரும் அளவு இன்னும் குறையும். இதை எக்ஸ்-ரே அறையில் நீங்களே கேட்கலாம். ஆனாலும் ஒரு சொட்டு ரத்தத்தில் வேலை முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் ஏங்குவது இதனால்தான்.

தேடல் இன்று நேற்று தொடங்கியதல்ல. கோழிக்குஞ்சுகளின் மூளையிலிருந்து பீனியல் சுரப்பியை எடுத்துவிட்டால் அவற்றின் முதுகு வளைகிறது என்று பிரெஞ்சு ஆய்வுகள் காட்டின. அந்தச் சுரப்பி சுரப்பது மெலடோனின் என்ற ஹார்மோன் என்பதால், வளைவுள்ள பிள்ளைகளின் ரத்தத்தில் அதை அளந்து பார்த்தார்கள். ஒரு குழுவுக்குக் குறைவாக வந்தது, இன்னொரு குழுவுக்கு வித்தியாசமே இல்லை. ஹாங்காங்கில் குரங்குகளுக்கு அதே அறுவையைச் செய்தபோது முதுகு வளையவில்லை. 1994-இல் ரத்தத் தட்டணுக்களுக்குள் இருக்கும் கால்மோடுலின் என்ற புரதம், வளைவு கூடிக்கொண்டே போன பிள்ளைகளிடம் அதிகமாக இருந்ததாக ஒரு சிறிய ஆய்வு வந்தது. தசையைச் சுருக்கும் புரதங்கள் தட்டணுவிலும் இருப்பதால், தசையில் நடப்பது அங்கேயும் தெரியலாம் என்பது அவர்கள் யோசனை. எனக்கு இன்னமும் பிடித்த யோசனை அது. ஆனால் எல்லா லேபிலும் செய்யக்கூடிய பரிசோதனையாக அது வளரவில்லை.

அப்புறம் கனடாவின் மாண்ட்ரியல் நகர ஆய்வுக் குழு ஆஸ்டியோபான்டினைக் கையில் எடுத்தது. எலும்பிலும் வேறு பல திசுக்களிலும் உள்ள புரதம் இது. வளைவுள்ள பிள்ளைகளின் ரத்தத்தில் இது கூடுதலாக இருப்பதாக அவர்கள் சொன்னார்கள். இதில் லேப்காரியாக எனக்குத் தெரிந்த ஒரு சிக்கலைச் சொல்கிறேன். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தால் அது உறையாது. சிவப்பு மூடிக் குழாயில் உறையவிட்டு, மேலே தெளியும் சீரத்தை எடுப்போம். ரத்தம் உறையும்போது உருவாகும் த்ராம்பின் என்ற நொதி ஆஸ்டியோபான்டினை வெட்டிவிடும். அதனால் ஒரே பிள்ளையிடம், ஒரே ஊசிக்குத்தில், இரண்டு குழாயில் எடுத்தால் இரண்டு எண் வரும். எந்த மூடி என்று பார்க்காமல் ஓர் ஆய்வின் எண்ணை இன்னோர் ஆய்வோடு ஒப்பிடவே முடியாது. எலும்புத் தேய்மானத்தைக் காட்டும் சிடிஎக்ஸ் என்ற குறியீடும் இப்படித்தான். அதிகாலையில் ஏறி மதியத்தில் இறங்கும், சாப்பிட்டாலும் இறங்கும். காலை வெறும் வயிற்றில் ஒரு பிள்ளை, பள்ளி விட்டு வந்து நான்கு மணிக்கு இன்னொரு பிள்ளை என்று எடுத்தால் வித்தியாசம் வரத்தான் செய்யும். அதற்கும் முதுகுக்கும் சம்பந்தம் இருக்காது.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. குருத்தெலும்பிலிருந்து வரும் காம்ப் என்ற புரதம் வளைவுள்ள பிள்ளைகளிடம் சராசரியில் குறைவு என்று 2015-இல் சுவீடன் ஆய்வு காட்டியது. லெப்டின் குறைவு என்று சீன ஆய்வு காட்டியது. ஆனால் சராசரி என்பது கூட்டத்துக்கு. இரண்டு கூட்டத்து எண்களும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று விழும்போது, தனியாக உங்கள் மகளின் எண்ணை எடுத்து இவள் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. லெப்டின் உடல் கொழுப்பிலிருந்து வருவது. வளைவுள்ள பெண் பிள்ளைகள் பொதுவாகவே ஒல்லியாக இருக்கிறார்கள். அப்படியானால் அந்த எண் சொல்வது முதுகைப் பற்றியா, எடையைப் பற்றியா? அளந்த அன்றைக்கு வளைவு இருக்கிறது என்பது வேறு, இரண்டு வருடம் கழித்து அது கூடும் என்பது வேறு. நமக்குத் தேவை இரண்டாவது. அதற்குப் பிள்ளைகளைச் சிறு வளைவிலேயே பிடித்து, வளர்ந்து முடியும் வரை பின்தொடர வேண்டும். அப்படிச் செய்த ஆய்வுகள் குறைவு.

மரபணுவிலும் இதே பாடம் கிடைத்தது. 2010 வாக்கில் அமெரிக்காவில் எச்சிலில் 53 மரபணுக் குறிகளைப் பார்த்து மதிப்பெண் போடும் ஸ்கோலிஸ்கோர் என்ற பரிசோதனை விற்பனைக்கே வந்தது. பிறகு ஜப்பானிலும் கனடாவின் கியூபெக்கிலும் சோதித்தபோது அந்தக் குறிகள் வளைவு கூடுவதோடு பொருந்தவில்லை.

நான் உண்மையிலேயே நம்பிக்கை வைத்திருப்பது ஒன்றில்தான். எலும்பு நீளமாவது அதன் வளர்ச்சித் தட்டில். அங்கே குருத்தெலும்பு எலும்பாக மாறும் இடத்தில் மட்டும் பத்தாம் வகை கொலாஜன் உண்டாகும். தட்டு எலும்பாகும்போது அதன் துண்டு ரத்தத்தில் கலக்கும். 2017-இல் போர்ட்லாண்டில் உள்ள ஷ்ரைனர்ஸ் மருத்துவமனை ஆய்வாளர்கள் இந்தத் துண்டை அளந்து, பிள்ளை இப்போது எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று சொல்லலாம் எனக் காட்டினார்கள். விரல் நுனியில் குத்தி எடுத்து, தாளில் காயவைத்த ரத்தப் பொட்டே போதும். இது வளைவைப் பற்றி ஒன்றும் சொல்லாது, வளரும் வேகத்தை மட்டும் சொல்லும். ஆனால் வளைவு ஓடுவது அந்த வேகத்தின் முதுகில் ஏறித்தான். இப்போதைக்கு இது ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, நம் ஊர் லேபில் கேட்டால் கிடைக்காது.

ஆனால் அதே தகவலுக்கு ஏற்கெனவே வழி இருக்கிறது. 1984-இல் மின்னசோட்டாவில் 727 பிள்ளைகளைப் பார்த்த ஆய்வில், 20 முதல் 29 டிகிரி வளைவோடு இடுப்பெலும்பு முதிர்ச்சி இன்னும் ஆரம்ப நிலையில் இருந்தவர்களில் 68 சதவீதம் பேருக்கு வளைவு கூடியது. முதிர்ச்சி அடுத்த கட்டங்களுக்கு வந்தவர்களில் அது 23 சதவீதம்தான். ரிசர் நிலை என்று டாக்டர் சொல்வது இதைத்தான். எடுத்திருக்கும் அதே எக்ஸ்-ரேயில் இடுப்பெலும்பும் பதிவாகியிருந்தால் தெரிந்துவிடும். உங்கள் மகளின் நிலை என்ன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அவள் வேகமாக வளரும் கட்டத்தில் இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பெண் பிள்ளைகள் மிக வேகமாக உயர்வது வயதுக்கு வருவதற்குச் சற்று முந்தைய மாதங்களில்.

வளைவு கூடாமல் இருக்க உடம்பைச் சுற்றி இறுக்கும் பெல்ட் (பிரேஸ்) போடச் சொன்னால் தயங்காதீர்கள். 2013-இல் வந்த பெரிய ஆய்வில், பெல்ட் அணிந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு 50 டிகிரியை எட்டாமல் நின்றது. அணியாதவர்களில் 48 சதவீதம். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். பெல்ட்டுக்குள் வெப்பம் அறியும் சிறு கருவி வைத்து, எத்தனை மணி நேரம் போட்டார்கள் என்றும் பார்த்தார்கள். நாளுக்கு 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பலன் கிடைத்தது. அக்கா மகள் இந்த ஊர் வெயிலில் பெல்ட்டோடு படும் பாடு எனக்குத் தெரியும். உள்ளே தையல் உறுத்தாத பருத்தி பனியனைத் திருப்பிப் போட்டு, சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு, அதன் மேல்தான் பட்டையை இறுக்குகிறாள். சுருக்கம் இருந்த இடத்தில் மாலைக்குள் தோல் சிவந்துவிடும். தூங்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் 13 மணி நேரம் தேறுகிறது.

வீட்டில் மாதம் ஒருமுறை உயரம் அளந்து குறியுங்கள். ஒரே சுவர், செருப்பில்லாமல், எப்போதும் காலையில். மாலைக்குள் எல்லோருக்குமே உயரம் சற்றுக் குறையும். இரண்டு மாதத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் கூடியிருந்தால் நாலு மாதம் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் அந்தக் கணக்கைக் காட்டுங்கள். கால் மரத்துப்போதல், தூக்கத்தைக் கலைக்கும் வலி, சிறுநீர் கட்டுப்பாட்டில் மாற்றம் என்று எது வந்தாலும் உடனே போக வேண்டும். அவை வளரும் வயதில் காரணம் தெரியாமல் வரும் இந்த வகை வளைவில் வழக்கமாக வருவதில்லை, ஸ்கேன் எடுத்துக் காரணம் தேட வேண்டியிருக்கும்.