சுவரை உடைப்பதற்கு முன் காற்றைத் தேடுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக இங்கே எழுதிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும். இந்தக் குளிர்நாட்டில் பழைய வீடு வாங்கிக் குடிவந்து இது உங்களுக்கு முதல் குளிர்காலம். காலையில் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் வழிகிறது. படுக்கையறை மூலையில் கறுப்புப் புள்ளிகள். ஒருநாள் காலை சமையலறைக் குழாயில் தண்ணீரே வரவில்லை, மதியம் தானாக வந்தது. கூரை விளிம்பில் ஆளுயரத்துக்குப் பனிக்கட்டி தொங்குகிறது. வசந்தம் வந்ததும் ஜன்னல்களை மாற்றுவதா, பேஸ்மென்டை, அதாவது தரைக்கு அடியில் உள்ள தளத்தை, அறையாக்குவதா, கையிலுள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும், எது முதலில் அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். நீங்கள் சொன்ன நான்கு தொல்லைக்கும் வேர் ஒன்றுதான்: காற்று போகக்கூடாத இடத்துக்குப் போகிறது. ஈரமான வெதுவெதுப்புக் காற்று உள்ளேயிருந்து வெளியே கசிகிறது, குளிர்க்காற்று வெளியேயிருந்து உள்ளே கசிகிறது. இதைச் சரிசெய்யாமல் புது ஜன்னல் போட்டாலும் அடுத்த குளிர்காலத்தில் பாதித் தொல்லை அப்படியே நிற்கும்.

வெயில் நாட்டில் வளர்ந்தவர்களுக்கு வீட்டில் ஈரம் என்றால் மழைதான் நினைவுக்கு வரும். கூரை ஒழுகும், சுவர் ஊறும், எல்லாம் வெளியிலிருந்து வரும். இங்கே குளிர்காலத்தில் ஈரத்தை உண்டாக்குவது நாம்தான். நாம் விடும் மூச்சு, சமையல் ஆவி, வெந்நீர்க் குளியல், உள்ளே காயப்போடும் துணி. இது எனக்குப் புரிய மூன்று குளிர்காலம் ஆனது. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது குளிர்காலத்தின் கடைசியில், மாடி அறையின் உட்கூரையில் பழுப்பு வட்டம் ஒன்று தெரிந்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்து ஒரு கூரைக்காரரை அழைத்தேன். அவர் ஏறிப் பார்த்து நாலைந்து ஓடுகளை மாற்றிவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு அதே இடத்தில் இன்னும் பெரிய வட்டம். அப்போதுதான் ஒன்று உறைத்தது: பனி கொட்டிய நாட்களில் ஒரு சொட்டும் விழவில்லை, மழை பெய்த நாட்களிலும் விழவில்லை. கடுங்குளிர் வாரத்துக்குப் பிறகு வெயில் அடித்த நாளில் மட்டும் சொட்டியது. டார்ச்சை எடுத்துக்கொண்டு அட்டிக்கில், அதாவது கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில், ஏறினேன். கூரைப் பலகையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு ஆணி முனையிலும் வெள்ளை உறைபனி, பலகையின் அடிப்பக்கம் கறுத்துப்போயிருந்தது. குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனிலிருந்து மேலே போகும் குழாய் கூரையைத் தாண்டி வெளியே போகவே இல்லை. அட்டிக்கிலேயே வாய் திறந்து கிடந்தது. குளிர்காலம் முழுக்க எங்கள் குளியல் ஆவி அங்கே போய் உறைந்திருக்கிறது, வெயில் பட்டதும் உருகிச் சொட்டியிருக்கிறது. கூரையில் ஓட்டையே கிடையாது.

அதனால் உங்கள் வீட்டில் எங்காவது கறை தெரிந்தால், ஆளைக் கூப்பிடும் முன் எந்த நாளில் சொட்டுகிறது என்று குறித்து வையுங்கள். மழையில் சொட்டினால் கூரையைச் சந்தேகப்படலாம். கடுங்குளிர் விலகும் நாளில் சொட்டினால் பெரும்பாலும் உள்ளிருந்து போன ஆவிதான்.

சரி, முதல் வேலையாக ஈரப்பத மானி ஒன்று வாங்குங்கள். கைக்கடக்கமான சின்னக் கருவி, படுக்கையறையில் வைத்தால் போதும். அறை 21 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று சுமார் 10 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பைத் தொட்டாலும் தண்ணீராகிவிடும். ஈரப்பதம் 30 சதவீதமாக இருந்தால் பரப்பு 3 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால்தான் தண்ணீர் கட்டும். கண்ணாடி அதேதான், சட்டம் அதேதான். ஈரப்பதத்தைக் குறைத்ததுமே ஜன்னல் காய்ந்துவிடுவதன் காரணம் இதுதான். வெளியே மைனஸ் 20ஐ நெருங்கும்போது உள்ளே 30 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். உதடு வெடிக்கிறது என்று காற்றில் ஈரம் சேர்க்கும் ஹ்யூமிடிஃபையரை இரவு முழுக்க ஓடவிடுபவர்கள் பலர். அந்த ஈரம் ஜன்னல் சட்டத்திலும் சுவருக்குள்ளும் போய் உட்காருகிறது.

எக்ஸாஸ்ட் ஃபேன் வேலை செய்கிறதா என்று பார்க்க, மெல்லிய காகிதத்தை அதன் மூடியில் வையுங்கள். ஒட்டிக்கொண்டால் இழுக்கிறது. குளித்து முடித்த பிறகும் அரைமணி நேரம் ஓடட்டும். அப்புறம் வெளியே போய், அதன் காற்று வீட்டுக்கு வெளியே வருகிறதா என்பதையும் கண்ணால் பாருங்கள். நான் செய்யத் தவறியது அதைத்தான்.

ஜன்னலை மாற்றும் முன் தண்ணீர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கவனியுங்கள். உள்பக்கம் என்றால் மேலே சொன்ன ஈரப்பதம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே புகைமூட்டமாக இருந்தால் அந்த ஜோடியின் ஓரத்தை அடைத்திருக்கும் சீல் போய்விட்டது. சட்டம் நன்றாக இருந்தால் கண்ணாடி ஜோடியை மட்டும் மாற்றலாம், முழு ஜன்னலும் தேவையில்லை. வெளிப்பக்கம் பனித்திருந்தால் ஒரு கவலையும் வேண்டாம், உள்ளிருக்கும் சூடு வெளியே போகவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். கனமான திரையைப் பகலிலும் மூடி வைக்காதீர்கள், அறைச் சூடு எட்டாமல் கண்ணாடி இன்னும் குளிரும். காற்று பலமாக வீசும் நாளில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் சட்டத்தின் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். புகை எங்கே சட்டென்று வளைகிறதோ அங்கே இடைவெளி. மின் சாக்கெட், தரையோரப் பலகை, கதவின் அடி எல்லாவற்றையும் இப்படிப் பார்க்கலாம். திரைத்துணியிடம் மட்டும் கவனம்.

மூலையில் இருக்கும் கறுப்புப் புள்ளிகள் பூஞ்சை. இரண்டு வெளிச்சுவர்கள் சேரும் மூலைதான் அறையிலேயே குளிர்ந்த இடம், அதனால் அங்கே முதலில் வரும். அலமாரியும் கட்டிலும் வெளிச்சுவரை ஒட்டியிருந்தால் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், சூடான காற்று சுவரைத் தொட வேண்டும். கையுறையும் முகக்கவசமும் போட்டுச் சோப்புத் தண்ணீரால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ப்ளீச் ஊற்றினால் நிறம் போகும், ட்ரைவாலுக்குள், அதாவது சுவரின் உள்பக்க ஜிப்சம் பலகைக்குள், இறங்கியது போகாது. அதன் மேல் பெயின்ட் அடிப்பதும் வீண். ஊறி மெத்தென்று ஆன ட்ரைவாலை வெட்டி எடுத்துவிட வேண்டும். ஒரு சதுர மீட்டரைத் தாண்டிப் பரவியிருந்தால், அல்லது வீட்டில் யாருக்காவது இளைப்பு இருந்தால், நீங்களே தொடாமல் பழக்கப்பட்டவர்களிடம் விடுங்கள்.

இப்போது கூரை. பனி பெய்து ஓய்ந்த மறுநாள் தெருவுக்கு வந்து உங்கள் கூரையையும் அக்கம்பக்கத்துக் கூரைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்களுடையது வெள்ளையாக இருக்க, உங்களுடையதில் மட்டும் திட்டுத்திட்டாகப் பனி உருகியிருந்தால் உங்கள் வீட்டுச் சூடு அங்கே வெளியேறுகிறது. உருகிய தண்ணீர் சரிவில் இறங்கி, கீழே சூடே இல்லாத விளிம்புக்கு வந்ததும் மறுபடி உறைகிறது. அது அணைபோல் எழும்பி நிற்க, பின்னால் தேங்கும் தண்ணீர் ஓடுகளுக்கு அடியில் புகுந்து உள்ளே இறங்கும். தொங்கும் கட்டி அழகாக இருந்தாலும் அது கூரை தரும் எச்சரிக்கை. கோடரியாலோ சுத்தியலாலோ அதை உடைக்காதீர்கள், ஓடும் போகும், கீழே நிற்பவர் தலையும் போகும். தரையில் நின்றபடி நீளக் கைப்பிடி உள்ள கூரைச் சீவியால் விளிம்பை ஒட்டியிருக்கும் புதுப்பனியை இழுத்துவிடுவது பாதுகாப்பான வழி.

நிரந்தர மருந்து அட்டிக்கில் இருக்கிறது. எல்லோரும் சூடு வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷனை மேலும் மேலும் கொட்டுகிறார்கள். அதற்கு முன் அட்டிக்கின் தரையில் உள்ள ஓட்டைகளை அடைக்க வேண்டும். விளக்குப் பெட்டிகள், கழிவுக் குழாய் மேலே ஏறும் துளை, மின்கம்பி நுழையும் இடங்கள், ஏறுவதற்கான மூடியின் ஓரம். நாரிழை இன்சுலேஷன் கம்பளிச் சட்டைபோல, சூட்டைப் பிடிக்கும், காற்றைத் தடுக்காது. அது அழுக்கேறிக் கறுத்திருக்கும் இடத்தைப் புரட்டிப் பாருங்கள், அடியில் காற்று கசியும் ஓட்டை இருக்கும். புகைபோக்கியைச் சுற்றி மட்டும் நுரையை அடைக்காதீர்கள், அங்கே தகடும் தீயைத் தாங்கும் சீலன்ட்டும்தான் ஆகும். கூரை விளிம்பின் அடியில் உள்ள காற்றுத் துவாரங்களையும் இன்சுலேஷனால் மூடிவிடாதீர்கள், அட்டிக் குளிராக இருப்பதுதான் நல்லது.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். மேலே ஏறியதும் பளபளக்கும் சாம்பல் பழுப்புக் குருணைபோல இன்சுலேஷன் கிடந்தால் ஒன்றையும் கிளறாமல் இறங்கிவிடுங்கள். அது வெர்மிகுலைட் என்ற கனிமமாக இருக்கலாம், அதில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழை கலந்திருக்க வாய்ப்பு உண்டு. பழைய தரை ஓடு, குழாயைச் சுற்றிய வெள்ளைப் பொதி, சொரசொரப்பான உட்கூரைப் பூச்சு ஆகியவையும் அப்படியே. 1980களிலோ அதற்கு முன்போ கட்டிய வீடு என்றால் எதையும் உடைக்கும் முன் மாதிரியை ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுங்கள்.

குழாய் விஷயம் அவசரம், இன்று இரவே செய்யுங்கள். ஒருமுறை உறைந்தது மறுபடி உறையும். சமையலறைச் சிங்க்கின் அடியில் உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள், கடுங்குளிர் இரவுகளில் குழாயிலிருந்து மெல்லிய தாரை ஓடட்டும். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் பெரும்பாலும் குழாயை வெடிக்க வைப்பது, பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவே சிக்கிய தண்ணீரின் அழுத்தம். வாய் திறந்திருந்தால் அந்த அழுத்தம் தணியும். உறைந்துவிட்டால் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, வாய்ப்பக்கத்திலிருந்து தொடங்கி உள்நோக்கி ஹேர் டிரையரால் சூடாக்கி வாருங்கள். நெருப்பை மட்டும் அருகே கொண்டுபோகாதீர்கள். குழாய் வெடித்திருந்தால் உருகிய பிறகுதான் பீறிடும், அதனால் வீட்டின் முதன்மை வால்வு எங்கே இருக்கிறது என்று இன்றே தேடி, ஒருமுறை மெதுவாகத் திருகிப் பாருங்கள். பழைய வால்வு இறுகியிருந்தால் அந்த நேரத்தில் கை கொடுக்காது. பிறகு நிதானமாகக் குளிர்க்காற்று நுழையும் விரிசலை அடைத்து, குழாய்க்கும் வெளிச்சுவருக்கும் நடுவே இன்சுலேஷன் வையுங்கள். குழாய்க்கும் அறைக்கும் நடுவே வைத்துவிட்டால் வீட்டுச் சூடு குழாய்க்கு எட்டாது, நிலைமை மோசமாகும். தோட்டக் குழாயிலிருந்து ஹோஸைக் கழற்றி, உள் வால்வை மூடி, வெளி வாயைத் திறந்து வடியவிட்டீர்களா என்றும் பாருங்கள்.

இவ்வளவு அடைத்தால் மூச்சுமுட்டாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காற்று மாறத்தான் வேண்டும், ஃபேன் வழியாக, நாம் சொன்ன இடத்தில் மாற வேண்டும். வீடு இறுகும்போது வாயுவில் எரியும் ஹீட்டரின் புகை உள்ளே திரும்பும் ஆபத்து கூடும். அந்தப் புகையில் உள்ள மணமில்லாத நச்சு வாயுவைக் கண்டு எச்சரிக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் தூங்கும் அறைகளுக்கு அருகே கட்டாயம் இருக்கட்டும். ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் பக்கச் சுவரில் நீட்டியிருக்கும் ஹீட்டர் குழாய்களின் வாயில் குவிந்த பனியைத் தள்ளிவிடுங்கள்.

கதவுக்கும் நிலைக்கும் இடையே கோடு, மரத்தரைப் பலகைகளுக்கு நடுவே இடைவெளி, உட்கூரை ஓரத்தில் மயிரிழை விரிசல் இவையெல்லாம் குளிர்காலத்தில் மரம் வற்றுவதால் வருபவை. இப்போது பூசி அடைக்காதீர்கள், கோடையில் மரம் உப்பும்போது பூச்சு பிதுங்கி வரும்.

பேஸ்மென்டுக்கு ஒரு வசந்தமாவது காத்திருங்கள். பனி உருகும் வாரங்களில்தான் அதன் உண்மையான குணம் தெரியும். கான்கிரீட் சுவரில் ஒரு முழம் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு அடியில் நனைந்தால் மண்ணிலிருந்து ஈரம் வருகிறது, மேலே நனைந்தால் அறைக் காற்றிலிருந்து வருகிறது. மண்ணிலிருந்து என்றால் வெளி வேலை முதலில்: வீட்டை ஒட்டிய மண் வெளிப்பக்கம் சரிய வேண்டும், கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரை விட்டு இரண்டு மீட்டராவது தள்ளிக் கொட்ட வேண்டும். பிறகு அறை கட்டும்போது நாரிழை இன்சுலேஷனைக் கான்கிரீட்டின் மேல் நேரடியாக வைக்கச் சொல்லும் கான்ட்ராக்டரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது ஈரத்தைக் குடித்துச் சுவருக்குப் பின்னால் அழுகும். கெட்டி நுரைப் பலகையைக் கான்கிரீட்டோடு ஒட்டி, இணைப்புகளை டேப்பால் மூடி, அதற்கு முன்னால் சட்டம் அடிப்பதே எனக்குத் தெரிந்த நல்ல முறை.

மானியை வாங்கி ஒரு வாரம் காலையும் இரவும் அளவைக் குறித்து வையுங்கள். அதையும், அட்டிக்கில் எந்த வகை இன்சுலேஷன் கிடக்கிறது என்பதையும் எழுதுங்கள் தம்பி. எந்த ஓட்டையில் தொடங்கலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.