சட்டப்படி என்றால் என்ன? அண்ணாச்சி பதில்கள்

திருநெல்வேலி நீதிமன்றத்தில் முப்பது வருஷம் வழக்காடியவன் நான். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘சட்டப்படி’ என்கிற சொல்லைப் பற்றியே இருந்தன. சந்தோஷமாகப் பதில் சொல்கிறேன்.

பாளையங்கோட்டை மாணவி: அண்ணாச்சி, ‘சட்டம்’ என்ற சொல்லுக்கு முதலில் என்ன பொருள்?

ஜன்னலுக்கும் படத்துக்கும் சட்டம் அடிக்கிறோமே, அதை நினைத்துக்கொள்ளம்மா. நாலு பக்கமும் எல்லை கட்டி, உள்ளே இருப்பதைக் கோணாமல் நிறுத்துகிற மரம். எழுதுவதற்கு நறுக்கிய பனையோலைக்கும் சட்டம் என்று பேர் உண்டு. ஆனால் பழைய தமிழில் நியாயத்தைப் பேசும் இடத்தில் நிற்கிற சொல் வேறு: ‘முறை’.

கல்லிடைக்குறிச்சி விவசாயி: முறை என்றால் எங்களுக்குத் தண்ணீர் முறைதான். அதற்கும் நீதிக்கும் என்ன சம்பந்தம்?

நீங்கள் சொல்வதுதான் சரியான தொடக்கம். கன்னடியன் வாய்க்காலில் தண்ணீர் குறையும்போது, மேல்மடைக்காரர் தன் வயல் நிறைந்ததும் அடைத்துவிட வேண்டும். அப்போதுதான் கடைமடைக்குப் போகும். இது அவரவர் முறை. அதே சொல்லால்தான் உறவையும் சொல்கிறோம்: முறைப்பெண், முறைமாமன். அநியாயம் நடந்தால் போய் ‘முறையிடுகிறோம்’. அரசன் நீதி வழங்குவதைத் திருக்குறள் ‘முறைசெய்து’ என்றே சொல்கிறது. பங்கு, வரிசை, உறவு, நீதி எல்லாம் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. கிரேக்க மொழியில் சட்டத்தைக் குறிக்கும் ‘நோமோஸ்’ என்ற சொல்லும் பங்கிட்டுக் கொடுப்பது என்ற வேரிலிருந்து வந்ததுதான். இதை முதன்முதலாகப் படித்த அன்று எனக்கு நம் வாய்க்கால்தான் ஞாபகம் வந்தது.

மானூர் ஆசிரியர்: எங்கள் ஊர்க் கல்வெட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

சார், அதை எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டு, ஏறக்குறைய கி.பி. 800. ஊர்ச்சபையில் யார் உட்காரலாம், அதற்கு என்ன படிப்பு வேண்டும் என்று சபையே கூடி முடிவு செய்து கல்லில் வெட்டியது. நிலத்தை விலைக்கு வாங்கியோ சீதனமாகப் பெற்றோ வந்தவருக்கும் அதே தகுதி வேண்டும். எந்தத் தீர்மானம் வந்தாலும் ‘அன்று அன்று’, அதாவது ‘இல்லை இல்லை’ என்று குறுக்கே நிற்பவருக்கு ஐந்து காசு தண்டம். குடவோலைத் தேர்தலுக்குப் பேர்போன உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. மானூர் அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முந்தியது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். நிலப்பங்கு உள்ளவர்களின் சபை. உழுதவருக்கு அங்கே இடமில்லை. ஆனாலும் அதிகாரத்தில் இருப்பவர்கள் தங்களுக்கே கட்டுப்பாடு எழுதிக்கொண்டார்கள் பாருங்கள், சட்டப்படி நடப்பது என்பதன் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பேன்.

கயத்தாறு வாசகர்: கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது சட்டப்படியா?

1799 அக்டோபர் 16. ஆங்கிலேயக் கம்பெனிப் படையின் மேஜர் பானர்மேன் மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து, அவர்கள் முன்னால் விசாரணை என்று ஒன்றை நடத்தி, அன்றே தூக்கிலிட்டார். படை நடத்திப் பிடிக்க வந்தவரே குற்றம் சாட்டினார், அவரே தீர்ப்பும் சொன்னார். கூடியிருந்தவர்கள் பயத்தில் நின்ற சாட்சிகள். விசாரணையின் தோற்றம் இருந்தது, முறை இல்லை.

சங்கரன்கோவில் இளைஞர்: அப்போ சட்டமாகவே எழுதிவிட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது தம்பி. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது, 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அமலானது. பிறந்த சாதியைக் காட்டியே ஆட்களைப் பதிவேட்டில் ஏற்றினார்கள், கைரேகை எடுத்தார்கள், காவல் நிலையத்தில் ஆஜராகச் சொன்னார்கள். எல்லாம் அச்சடித்த சட்டத்தின்படி. 1947இல்தான் மாகாணம் அதை நீக்கியது. உங்கள் பக்கத்தில் அந்தப் பதிவேட்டுக் காலத்தைக் கேள்விப்பட்ட பெரியவர்கள் இருந்தால், போய் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். சீக்கிரம் செய்யுங்கள்.